மதிப்பீட்டு நாள் காய்ச்சல்

ஜோன் டீச்சருக்கு அன்று காலை இட்லி இறங்கவில்லை. மேலிடத்திலிருந்து யாராவது பள்ளிக்கு வருகிறார்கள் என்றால் அவளுக்கு இட்லி இறங்காது. அது இருபத்தேழு வருஷப் பழக்கம். ஆனால் இன்றைய பயம் புதுசு. இதுவரை வந்தவர்களிடமெல்லாம் பள்ளி நன்றாக இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. இன்று முதல் முறையாக, அப்படி ஒன்றும் நன்றாக இல்லை என்று காட்ட வேண்டும்.

"இத்தன வருஷம் நல்லா நடிச்சாச்சு," என்றார் கணவர் இக்னேஷியஸ், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "இன்னிக்கு ஒரு நாள் நடிக்காம இருக்கணும். அதுக்குப் போய் பயப்படுறியே."

"நடிக்கிறதுன்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு ஜோன் தட்டோடு எழுந்துகொண்டாள்.

சாந்தோமில், பெரிய சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு சந்தில் இருந்தது அவளுடைய பள்ளி. மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. நாலு அறை, ஒரு நீள வராந்தா, உப்புக் காற்றில் வருஷத்துக்கு ஒரு முறை துருப்பிடித்துக் கழன்று விழும் ஒரு பெயர்ப் பலகை. இங்கேயே ஆசிரியையாகச் சேர்ந்து, ஒன்பது வருஷமாகத் தலைமை ஆசிரியையாக இருக்கிறாள். பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கரையோரத்து மீனவக் குடும்பங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன் கடிதம் வந்திருந்தது. 'கற்றல் அடைவு மற்றும் பள்ளி வளங்கள் மதிப்பீடு' என்று தலைப்பு. மூன்று, நான்கு, ஐந்து ஆகிய வகுப்புகளில் உள்ள ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அந்த மூன்று வகுப்பிலும் சேர்த்து முப்பத்தோரு பேர். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு விதி இருந்தது: வாசிக்கத் தடுமாறுபவர்கள் முப்பத்து மூன்று சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பள்ளிக்குச் சிறப்பு ஆசிரியர் தொடர்வார். குறைந்தால், தேவை அதிகமுள்ள வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார்.

அந்தச் சிறப்பு ஆசிரியர் சகினா. இருபத்தாறு வயசு, மந்தைவெளியிலிருந்து வருகிறவள், ஒப்பந்த வேலை. போன ஜூனில் வந்தாள். எழுத்துக் கூட்டவே வராத பதினாலு பிள்ளைகளை அவளிடம் ஒப்படைத்து, வராந்தாவின் கடைசியில் ஒரு பாயைப் போட்டுக் கொடுத்தாள் ஜோன். பாடப் புத்தகத்தைச் சகினா தொடுவதே இல்லை. பிஸ்கட் கவர், சோப்பு அட்டை, காலி மாத்திரை அட்டை இவற்றையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு பிள்ளைகளோடு ஏதோ செய்துகொண்டிருப்பாள். அங்கிருந்து சத்தம் வரும், சிரிப்பு வரும். முதலில் ஜோனுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு ஒருநாள், வாயையே திறக்காத நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சுவரிலிருந்த 'எச்சில் துப்பாதே'யை வாய்விட்டுக் கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாள். அன்றிலிருந்து சத்தத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

சகினா போய்விட்டால் அந்தப் பதினாலு பேரும் மறுபடியும் கடைசி பெஞ்சுக்குத்தான் போவார்கள். ஜோனுக்கு அது தெரியும். அவளைத் தக்கவைக்கப் பதினொரு பேர் தடுமாறினால் போதும். கையில் பதினாலு பேர் இருக்கிறார்கள். உள்ளதை உள்ளபடி காட்டினாலே போதும். கேட்பதற்கு எவ்வளவு எளிது.

ஆனால் இந்தப் பள்ளியில் உள்ளதை உள்ளபடி யாரும் காட்டியதில்லை. ஜோன் புதிதாகச் சேர்ந்தபோது அப்போதைய தலைமை ஆசிரியை அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த வேலை, இன்ஸ்பெக்ஷனுக்கு முதல் நாள் மாலை கரைக்குப் போய்ச் படிப்பு வராத பிள்ளைகளின் அம்மாக்களிடம் தணிந்த குரலில் பேசிவிட்டு வருவது. "நாளைக்கு உங்க பிள்ளைய அனுப்ப வேணாம். காய்ச்சல்னு வெச்சுக்குங்க." கரும்பலகையில் வழக்கம்போல 'நாளை அனைவரும் தவறாமல் வரவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும்; அது பார்வைக்கு. வருகைப் பதிவேட்டில் 'காய்ச்சல்' என்று எழுதியிருக்கும், அது பதிவுக்கு. ஒரே நாளில் பத்துப் பதினைந்து பேருக்குக் காய்ச்சல் வந்து, மறுநாளே அத்தனை பேரும் குணமாகிவிடுகிற பள்ளி அது. வந்த அதிகாரிகளில் ஒருவருக்குக்கூட ஒரு டாக்டரை அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றியதில்லை.

இந்த முறை ஜோன் கரைக்குப் போகவில்லை. முதல் நாள் காலை வழிபாட்டில் நின்று, "நாளைக்கு எல்லாரும் வரணும்" என்று இரண்டு முறை சொன்னாள். கரும்பலகையில் தன் கையாலேயே எழுதினாள். எழுதி முடித்துக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டியபோது, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு வரும் லேசான ஒரு கர்வம்கூட அவளுக்கு வந்தது.

அன்று மாலை தி.நகரில் இதேபோல ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருக்கும் ரெனிட்டா போன் செய்தாள்.

"ஜோன், எங்களுக்கு நாளான்னிக்கு வராங்க. நான் நல்லா படிக்கிற பத்து பேருக்கு அன்னிக்கு லீவு குடுத்துட்டேன். எதுக்கு ரிஸ்க்கு? நீயும் அப்டியே பண்ணிடு."

"சேச்சே. அது மோசடி ரெனிட்டா."

ரெனிட்டா, "நீ சொல்ற," என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் அந்த இரண்டு வார்த்தையின் பொருள் ஜோனுக்கு உறைத்தது. அதற்குப் பிறகும் ரெனிட்டா செய்தது மோசடிதான் என்றும், தான் செய்துவந்தது வேறு ஏதோ என்றும் அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த வேறு ஏதோவுக்குப் பெயர் மட்டும் கிடைக்கவில்லை.

மறுநாள், மதிப்பீட்டு அதிகாரி ஆஸ்வின் சரியாக ஒன்பது மணிக்கு வந்தான். தேனாம்பேட்டை அலுவலகத்திலிருந்து, தோளில் பை, கையில் டேப்லெட். முப்பது வயசுகூட இருக்காது. தண்ணீர் வாங்கிக் குடித்தான், நன்றி சொன்னான். அதிகாரி என்றால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பவர்களையே பார்த்துப் பழகிய ஜோனுக்கு அந்த மரியாதையே கலக்கமாக இருந்தது.

"முதல்ல வளங்கள முடிச்சிடலாம் மேம். நூலகம் இருக்கா?"

ஜோன் பீரோவைத் திறந்து காட்டினாள். இருநூற்று அறுபது புத்தகம், மூன்று வருஷத்துக்கு முன் வந்தது, பாதிக்குமேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

"புதுசா வெச்சிருக்கீங்களே," என்றான் ஆஸ்வின். அது பாராட்டா இல்லையா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

"பசங்க கையில குடுத்தா கிழிச்சிடுவாங்கன்னு..." என்று ஆரம்பித்த ஜோன், பாதியில் நிறுத்திக்கொண்டாள். உள்ளபடி சொல்வதென்றால் எங்கிருந்து சொல்வது என்று தெரியவில்லை.

"நல்ல நிலையில் உள்ள புத்தகங்கள், இருநூத்தி அறுபது." தட்டினான். "விளையாட்டுத் திடல்?"

"இல்ல."

"பசங்க எங்க விளையாடுவாங்க?"

"பின்னால கடல் இருக்கு."

"அதுக்கு ஆப்ல ஆப்ஷன் இல்ல மேம். இல்லைன்னே போட்டுடறேன்."

அப்போதுதான் சகினா வாசலில் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "மேடம், ஒரு நிமிஷம்." ஜோன் வெளியே போனாள். வராந்தாவின் கோடியில் பாய் விரித்திருந்தது. சோப்பு அட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. பாயில் ஒரு பிள்ளைகூட இல்லை.

"என் பசங்க ஒருத்தர்கூட வரல மேடம். மத்தவங்க பதினேழு பேரும் வந்தாச்சு."

ஏன் என்று கேட்க என்ன இருக்கிறது? இருபத்தேழு வருஷமாகத் தானே விதைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்தது இன்று அவள் சொல்லாமலே காய்த்திருக்கிறது. சகினாவுக்கு இந்தக் காய்ச்சல் கதை தெரியாது. அவளைப் பாயருகே விட்டுவிட்டு ஜோன் ஆஸ்வினிடம் திரும்பிப் போனாள்.

ஆஸ்வின் விதியைத் தெளிவாகச் சொன்னான். "வந்தவங்கள மட்டும்தான் ஆப் எடுத்துக்கும் மேம். இந்தப் பதினேழு பேரும் நல்லா படிச்சா, தடுமாற்றம் ஜீரோன்னு வந்துடும். மத்தியானம் எனக்கு வேற ஸ்கூல் இருக்கு. பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பேன். இவங்கள முடிச்சிட்டே இருக்கேன்."

ஜோன் குடையைக்கூட எடுக்காமல் கரைக்குக் கிளம்பினாள்.

லூப் ரோட்டு மீன் அங்காடியில் அந்தோணியம்மாள் கடைதான் முதலில் வரும். ஜோனிடம் படித்தவள். இப்போது அவள் மகள் லிசா நாலாம் வகுப்பில், சகினாவின் பாயில். அந்தோணியம்மாள் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சின்னக் குவளையால் மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள் லிசா. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றவள், உடனே நெற்றியைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், இஸ்கூல வுட்டுட்டு இங்க வந்துக்கீறீங்க. ஆபீசரு போய்ட்டாரா?"

"இல்ல அந்தோணி, உக்காந்திருக்காரு. லிசா ஏன் வரல?"

"காய்ச்சலு." அந்தோணியம்மாள் கண்ணைச் சிமிட்டினாள். "நீங்க கவலயே படாதீங்க. பதினாலு பேரையும் நானே சொல்லி நிறுத்திட்டேன். தேசப்பன் பொண்டாட்டிதான், போர்டுல எல்லாரும் வரணும்னு போட்டுக்கீதேன்னு சொல்லிக்கினு இருந்திச்சு. அடிப்போடி, அது போர்டுக்கு எழுதறது, நம்ம டீச்சர பத்தி எனக்குத் தெரியாதான்னு சொன்னேன்."

"இந்தத் தடவ நிஜமாத்தான் எழுதினேன்."

"அப்ப இத்தினி வருசமா?"

பக்கத்துக் கடைக்காரி தராசை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஜோன் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். விதியை, சதவீதத்தை, பதினொரு பேரை. சொல்லச் சொல்ல அது எவ்வளவு அசிங்கமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே கேட்டது. அந்தோணியம்மாளின் கத்தி பாதி மீனில் நின்றுவிட்டது.

"அப்ப எம் பொண்ணு மக்குன்னு காட்டறதுக்கு இட்டுக்கினு போவ வந்துக்கீறீங்க."

"அப்டி இல்ல அந்தோணி."

"வேற எப்டி? நீங்களே சொல்லுங்க. நாலாங்கிளாஸ்ல எனக்கு மூணு தபா காய்ச்சல் வந்திச்சு டீச்சர். மொத தபா எங்கம்மா நெசமாவே நெத்தியத் தொட்டுப் பாத்திச்சு. சில்லுன்னு கீது, டீச்சரு எதுக்கு இப்டி சொன்னாங்கன்னு என்னயே கேட்டிச்சு. நான் இன்னா சொல்றது? எனக்கு ஒம்போது வயசு." அவள் கோபமாகப் பேசவில்லை, விலை சொல்வதுபோலச் சொன்னாள். "அப்ப மக்குன்னு வராதேன்னீங்க. இப்ப மக்குன்னு வான்றீங்க. எதுனா ஒண்ணு சொல்லுங்க."

வெயில் ஏறியிருந்தது. நாலாம் வகுப்பு அந்தோணியம்மாளின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர ஜோன் முயன்றாள். வரவில்லை. அந்த வருஷத்தில் முதலாவதாக வந்த நூர் முஹம்மது வந்தான். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பெண் வந்தாள். அவர்கள் எந்தப் பக்கம் வகிடு எடுத்திருந்தார்கள் என்பதுகூட வந்தது. எதிரே மீன் வெட்டிக்கொண்டிருக்கும் இவள் மட்டும், வகுப்பில் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்றுகூட வரவில்லை. வராது. அந்தப் பிள்ளைகளை மறைத்து மறைத்து, கடைசியில் தன் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டிருக்கிறாள்.

"தப்புத்தான்," என்றாள் ஜோன். சின்னச் சொல்தான். ஆனால் இவ்வளவு பேர் நடுவில் அதைச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது. "உனக்கு அப்டிச் செஞ்சிருக்கக்கூடாது."

அந்தோணியம்மாளுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. குவளையை எடுத்து மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள். ஏற்கனவே நனைந்திருந்த மீன்தான்.

"அதெல்லாம் வுடுங்க. வெயில்ல நிக்காதீங்க, மயக்கம் வந்துடப் போவுது." பிறகு கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "லிசா வருவா. மத்ததுங்களையும் நானே அனுப்பறேன். ஆனா ஒண்ணு டீச்சர், எம் பொண்ணு படிச்சிக் காட்டத்தான் வருவா. அவளுக்குப் படிக்கத் தெரியும்."

"சரி," என்று ஜோன் புன்னகைத்தாள். பிள்ளைகளைப் பற்றித் தாய்மார்கள் பேசும்போது புன்னகைப்பதற்கென்றே அவளிடம் ஒரு புன்னகை இருந்தது. அதைத்தான் எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் பதின்மூன்று பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். ஈரத் தலை, மாற்றிப் போட்ட பொத்தான்கள். அவர்களுக்குப் பின்னாலேயே அம்மாக்கள் வந்து ஜன்னலோரம் நின்றார்கள். லிசாவையும் அவள் அம்மாவையும் மட்டும் காணோம். சகினா தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே நின்றாள். அவள் உள்ளே இருக்கக்கூடாது என்பது விதி. ஜோன் சாட்சியாக உட்கார வேண்டும் என்பதும் விதி.

டேப்லெட்டில், குடையை மறந்துவிட்டுப் போன ஒரு பெண்ணைப் பற்றி ஆறு வரிக் கதை ஒன்று வரும். அதைப் படிக்க வேண்டும். 'சரளம்', 'தடுமாற்றம்' என்று கீழே இரண்டு பொத்தான்கள்.

முதல் குழந்தை மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டது. தடுமாற்றம். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதாக வந்த அஜித்குமார், போன வருஷம் தன் பெயரையே தப்பாக எழுதியவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆறு வரியையும் படித்துவிட்டுப் போனான். ஜோனுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே மனசு கணக்குப் போட்டது: ஒன்று குறைந்தது. இன்னும் இரண்டு பேர் படித்துவிட்டார்கள். எழுத்தில் விரல் வைத்துப் படிக்கச் சொல்லிச் சகினா பழக்கியிருந்தாள். டேப்லெட்டில் விரல் பட்டதும் பக்கம் நழுவி ஓடியது. பிள்ளைகள் ஓடும் கதையைத் துரத்தினார்கள். ஒரு சிறுமி பாதியில் நின்றபோது ஜோனுக்கு நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே கூசியது. குழந்தை ஒன்று எழுத்தில் இடறி விழ வேண்டும் என்று உட்கார்ந்து பிரார்த்திக்கிற ஆசிரியை, அதுவும் மாதாவின் படத்துக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு.

முன்பே முடித்திருந்த பதினேழு பேரும் சரளம். இந்தப் பதின்மூன்று பேர் முடிந்தபோது தடுமாறியவர்கள் பத்துப் பேர். இன்னும் ஒருவர் போதும்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது லிசா வந்தாள். தலை நிறைய எண்ணெய், இறுக்கிப் பின்னிய இரட்டை ஜடை, முகத்தில் திட்டாகப் பவுடர். இதற்குத்தான் நேரமாகியிருக்கிறது. அந்தோணியம்மாள் ஜன்னலில் மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

லிசா டேப்லெட்டைப் பார்த்தாள். விரலை வைத்தாள். கதை ஓடிற்று. ஆஸ்வின் திரும்பக் கொண்டுவந்து வைத்தான். மறுபடி விரலை வைத்தாள், மறுபடி ஓடிற்று. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தாடையால் ஒரு சின்னத் தட்டுத் தட்டிப் படிக்க ஆரம்பித்தாள். வேகம் இல்லை. 'குடையை' என்ற இடத்தில் நின்றாள். நீளமாக நின்றாள். கடல் சத்தம் கேட்கிற அளவுக்கு நின்றாள். பிறகு, கு, டை, குடையை என்று சொல்லித் தாண்டினாள். கடைசி வரியைக் கொஞ்சம் சத்தமாகவே படித்தாள்.

ஆஸ்வினின் விரல் இரண்டு பொத்தானுக்கும் நடுவில் நின்றது.

"இது ரெண்டுங்கெட்டானா இருக்கு மேம்," என்று குரலைத் தாழ்த்தினான். நல்ல பையன், உதவி செய்ய விரும்பினான். "தடுமாறிச்சு, ஆனா முடிச்சிடுச்சு. ஆப்ல நடுவுல ஒண்ணும் கெடையாது. தடுமாற்றம்னு போட்டா பதினொண்ணு, முப்பத்தஞ்சு புள்ளி நாலு எட்டு. உங்க ஸ்பெஷல் டீச்சர் இருப்பாங்க. சரளம்னு போட்டா பத்து, முப்பத்திரண்டு புள்ளி ரெண்டு ஆறு. நீங்க எது சொன்னாலும் நான் தப்பு சொல்ல முடியாது. சொல்லுங்க, போட்டுடறேன்."

ஜோன் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே நிற்பவளுக்கு இவர்கள் பேசுவது கேட்காது. கேட்காததால்தான் இன்னும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு வெளியே சகினாவின் துப்பட்டா நுனி தெரிந்தது. வராந்தாவில் அந்தப் பத்துப் பேரும் இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு சொல் சொன்னால் போதும். அதிலும் பொய் இல்லை, பாதி உண்மை. எவ்வளவு முழுப் பொய்களைச் சொல்லியிருக்கிறாள் இந்த அறையில். பாதி உண்மைக்கா நாக்கு எழ மறுக்கிறது?

"லிசா, குடைய யாரு மறந்தது?" என்று கேட்டாள். நேரத்தைக் கடத்தத்தான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு," என்றாள் லிசா. கொஞ்சம் யோசித்து, "ஆனா மழ வந்தப்புறம்தான் டீச்சர் அதுக்கு மறந்ததே தெரிஞ்சுது," என்றாள்.

ஆஸ்வின் சிரித்துவிட்டான். ஜோனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரளம்னு போடுங்க."

"ஷ்யூரா மேம்?"

"அவ படிச்சா."

அவன் தட்டினான். அந்த நொடி ஜோனுக்குள் பெரிய நியாயம் எதுவும் பொங்கவில்லை. சந்தேகம்தான் வந்தது. இது உண்மையைச் சொன்னதா, இல்லை பள்ளியை நல்லதாகக் காட்டியே பழகிய நாக்கு தன் போக்கில் சொன்னதா? ஒரு குழந்தைக்கு நியாயம் செய்தாளா, அவள் அம்மாவிடம் கடனைத் தீர்த்தாளா, அல்லது வெறுமே வழக்கம்போல நடித்தாளா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே சொல்லாகத்தான் வெளியே வந்திருந்தது.

டேப்லெட்டில் பச்சை நிறத்தில் என்னவோ மலர்ந்தது. "வாழ்த்துக்கள் மேம். 'சிறப்பு உதவி தேவையற்ற பள்ளி'ன்னு வந்துடுச்சு. சான்றிதழ் மெயில்ல வரும், பிரிண்ட் எடுத்து மாட்டிக்கலாம்." பையை மாட்டிக்கொண்டு, தண்ணீருக்கு இன்னொரு முறை நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

லிசா வெளியே ஓடினாள். ஜன்னலோரம் கலகலவென்று பேச்சு எழுந்தது. அந்தோணியம்மாள் வாசலுக்கு வந்தாள், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. முகத்தில் அத்தனை வெற்றி.

"நான் சொன்னேனா இல்லியா டீச்சர்?"

"சொன்ன."

"அப்ப சகினா மிஸ்ஸு?"

"மாசக் கடைசில வேற ஸ்கூலுக்குப் போயிடுவாங்க."

அந்தோணியம்மாளின் முகம் அப்படியே நின்றது. "அவங்களாலதான டீச்சர் இது படிச்சிச்சு."

"ஆமா."

"படிச்சதுனால அவங்க போறாங்களா?"

"ஆமா."

"இந்தக் கணக்க எந்தப் புண்ணியவான் போட்டான்?"

ஜோனுக்கு அந்தப் புண்ணியவானின் பெயர் தெரியாது. அந்தோணியம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். பிறகு, யாரையோ திட்டுவதுபோல, "நல்லா படிச்சடி," என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி இழுத்துக்கொண்டு போனாள்.

சாப்பாட்டு மணி அடித்த பிறகு ஜோன் வராந்தாவின் கோடிக்குப் போனாள். சகினா பாயில் தனியாக உட்கார்ந்து அட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கதவு வழியாகப் பாதியாவது அவள் காதில் விழுந்திருக்கும் என்று ஜோனுக்குத் தெரியும்.

சகினாவே கேட்டாள். "'குடை'யில தானே நின்னா?"

"ஆமா."

"'டை' அவளுக்கு எப்பவும் இடிக்கும். நாலு மாசமா இடிக்குது. தாண்டிட்டாளா?"

"தாண்டிட்டா."

சகினா தலையை ஆட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தீர்மானிக்க முடியாத ஒன்றை அடக்கினாள். "நான் கொஞ்சம் நல்லா வேல பாத்துட்டேன் போலிருக்கு மேடம். இன்னும் ஒரே ஒருத்தருக்கு வராம விட்டிருக்கலாம்."

"என் மேல கோவமா?"

"கொஞ்சம் இருக்கு." மறைக்காமல் சொன்னாள். "ஆனா நீங்க தடுமாற்றம்னு போட்டிருந்தா, நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சிய நான் எப்டிப் பாக்கறது? அதையும் யோசிச்சேன்." பையின் கயிற்றை இறுக்கினாள். "அதெல்லாம் இருக்கட்டும் மேடம். மீதிப் பத்து பேர நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

இந்தப் பிள்ளைகளை எங்கே உட்கார வைக்க வேண்டும், யார் வரும்போது எழுப்பி அனுப்ப வேண்டும், பதிவேட்டில் என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் ஜோனுக்கு அத்துப்படி. இருபத்தேழு வருஷம், இரண்டு நல்லாசிரியர் சான்றிதழ். எழுத்துக் கூட்ட வராத ஒரு குழந்தைக்கு எழுத்தைக் கூட்டச் சொல்லிக் கொடுப்பது எப்படி என்று மட்டும் தெரியாது. படிக்க வருகிற பிள்ளைகளுக்கே அவள் படிப்புச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் எப்படியும் படித்திருப்பார்கள்.

"மாசக் கடைசிக்கு எத்தன வேலை நாள் இருக்கு?" என்று கேட்டாள்.

"பதிமூணு."

"நாளையிலேர்ந்து நீ எடுக்கும்போது நான் பின்னால உக்காந்துக்கறேன்."

சகினா நிமிர்ந்து பார்த்தாள். "மேற்பார்வையா மேடம்?"

"இல்ல. கத்துக்க."

ஐம்பத்து நாலு வயசுத் தலைமை ஆசிரியையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேட்டா வந்தா நான் உள்ள விடறதில்ல," என்றாள் சகினா.

மறுநாள் எட்டரை மணிக்கு ஜோன் பாயின் கடைசி மூலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்துப் பிள்ளைகளும் அவளைப் பார்த்துப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். சகினா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் வகுப்பு ரோஸியின் முன்னால் ஒரு சோப்பு அட்டையை வைத்து, "இது என்ன எழுத்து?" என்றாள்.

ரோஸி பார்த்தாள். ஐந்து நொடி போயிருக்கும். "மா," என்றாள் ஜோன், தன்னை அறியாமல்.

"மேடம், நீங்க சொல்லாதீங்க," என்றாள் சகினா திரும்பாமலே. "அவ சொல்லுவா." அந்த அட்டையை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தாள்.

ஜோன் வாயை மூடிக்கொண்டாள். ரோஸி அட்டையைப் பார்த்தாள், காலைச் சொறிந்தாள், மறுபடி பார்த்தாள். உதடு மட்டும் என்னவோ முயன்று பார்த்தது. ஒரு எழுத்துக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று ஜோனுக்கு இதுவரை தெரியாது. தொண்டை வரை வந்த விடையை விழுங்கிக்கொண்டு, அவளும் காத்திருந்தாள்.